ஓரம் இல்லாத முகம்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 41. சின்ன வயதிலிருந்து பென்சிலில் முகம் வரைவேன், ஓரளவு ஜாடை வரும். ஆறு மாதம் முன்பு, பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் ஒன்றும் அதற்குக் காற்று தரும் சின்ன கம்ப்ரசரும் வாங்கினேன். வீடியோ பார்த்துப் பார்த்து இதுவரை பதினொரு முகங்கள் அடித்துவிட்டேன். எல்லாமே புகைக்குள் நிற்கிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள். கோடு இழுத்தால் இரண்டு முனையிலும் குண்டு விழுகிறது. சில நாளாகப் பெயிண்ட் நேரே வராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெறிக்கிறது. இதோடு பிரஷ்ஷால் எழுத்து எழுதவும் ஆசை. படத்துக்குக் கீழே பெயரை நானே எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கற்கலாமா? டிரேஸ் எடுப்பது தப்பா? கண்ணை எப்படி அடிப்பது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றாவதில் இருக்கும் பெரியவரின் மூக்கும் தாடையும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஜாடை பிடிக்கத் தெரிந்த கைதான். குறை வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு படங்களில் தேடியும் கூர்மையான ஓரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இமை, மூக்குத் துவாரம், உதடுகள் சேரும் கோடு, காது மடிப்பு எல்லாம் ஒரே மாதிரி மங்கி முடிகின்றன.

இதில் கருவியின் குணமும் சேர்ந்திருக்கிறது. 1876-இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி என்பவர் வண்ணம் தெளிக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் புகைப்படத் தொழிலில் இருந்தவர் (பிற்பாடு தன் இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து நீராவிக் கார் செய்ததும் இவர்தான்). அடுத்து 1879-இல் அப்னர் பீலர் ஒன்றைச் செய்தார். இன்று நாம் பிடிக்கும் பேனா வடிவத்துக்கு அருகில் வந்தது 1890-களில் சார்லஸ் பர்டிக் காப்புரிமை பெற்ற கருவி. இந்தக் கருவிகளுக்குக் கிடைத்த பெரிய வேலை, புகைப்படங்களுக்கு வண்ணம் ஏற்றுவதும் டச்சப் செய்வதும். அங்கே இமையின் ஓரத்தையும் உதட்டின் ஓரத்தையும் கேமரா ஏற்கனவே போட்டு வைத்திருக்கும்; ஏர்பிரஷ்காரர் கன்னத்தை மட்டும் மென்மையாக்கினால் போதும். நீங்கள் கேமரா செய்த பாதி வேலையை விட்டுவிட்டு மீதிப் பாதியை மட்டும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே மூன்று மாதத்துக்கு முகங்களை ஓரங்கட்டுங்கள். முதலில் எழுத்து. எழுத்துக்காரனுக்கு நிழல் கிடையாது, பாவனை கிடையாது. அவன் கையில் இருப்பது ஓரம் ஒன்றுதான். அதைக் கற்ற கை முகத்துக்குத் திரும்பும்போது எங்கே கூர்மை வேண்டும் என்று தானாகத் தேடும். இரண்டையும் சேர்த்துக் கற்கலாமா என்று கேட்டீர்கள். சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை பிரஷ், ஒரு வேளை ஏர்பிரஷ். ஆனால் ஏர்பிரஷ்ஷில் புள்ளியும் கோடும் மட்டும்.

எழுத்துக்கு முக்கால் அங்குலத் தட்டை பிரஷ் ஒன்றும் அதில் பாதி அகலத்தில் இன்னொன்றும் போதும். ஒரு கண்ணாடித் தகட்டுக்கு அடியில் கட்டம் போட்ட தாளை வைத்து, மேலே எனாமலில் எழுதிப் பழகுங்கள். காய்வதற்குள் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். ஒரே கண்ணாடியில் நூறு முறை எழுதிய பிறகும் தாள் வீணாகியிருக்காது. பிரஷ்ஷைப் பெயிண்டில் முக்கியதும் எழுதப் போய்விடாதீர்கள். ஒரு அட்டையில் இந்தப் பக்கம் இரண்டு இழுப்பு, அந்தப் பக்கம் இரண்டு இழுப்பு. மயிர்கள் சேர்ந்து உளி முனை மாதிரி ஆகும்வரை தேய்க்க வேண்டும். நடுங்குகிற கோடுகளில் பாதி கையின் குற்றமே இல்லை, அட்டையில் தேய்க்காத பிரஷ்ஷின் குற்றம். கை நிற்பதற்கு ஒரு முனையில் துணிப்பந்து கட்டிய குச்சி வைத்துக்கொள்ளுங்கள். பந்து பலகையில் ஊன்றியிருக்கும், மறுமுனை இடது கையில் இருக்கும், வலது மணிக்கட்டு குச்சியின் மேல் சாய்ந்திருக்கும்.

ஒரு வாரம் எழுத்தே வேண்டாம். செங்குத்துக் கோடு, படுக்கைக் கோடு, சாய்வுக் கோடு, இடப்பக்க அரைவட்டம், வலப்பக்க அரைவட்டம். தமிழ் எழுத்தில் சுழி அதிகம் என்பதால் அரைவட்டங்களுக்குத்தான் நேரம் போகும். சுழியை ஒரே மூச்சில் சுற்றப் பார்க்காதீர்கள். மேலிருந்து இடப்பக்கமாக ஒரு இழுப்பு, மறுபடி மேலிருந்து வலப்பக்கமாக ஒரு இழுப்பு, இரண்டும் அடியில் சந்திக்க வேண்டும். வளைவில் பிரஷ்ஷின் காம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாக உருட்டினால் முனை வளைவோடு திரும்பும். அந்த உருட்டல் கைக்கு வந்த நாள் உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகுதான் எழுத்து.

எழுத்தின் ஓரம் பிரஷ்ஷிலிருந்தே பிறக்கிறது என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. ரோம் நகரில் கி.பி. 113-இல் திறக்கப்பட்ட டிராஜன் தூணின் அடிப்பீடத்தில் உள்ள எழுத்துகளை இன்றைக்கும் ரோமன் எழுத்தின் உச்சம் என்பார்கள். அந்த எழுத்துகளின் முனையில் இருக்கும் சின்னக் கொம்புகள் உளி செய்த வேலை என்றுதான் பலர் நம்பிவந்தார்கள். எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1968-இல் வேறு விளக்கம் தந்தார். கல்லில் முதலில் தட்டை பிரஷ்ஷால் எழுதியிருக்கிறார்கள், உளி அந்தக் கோட்டின் மேல்தான் போயிருக்கிறது, முனைக் கொம்புகள் பிரஷ் திரும்பும்போது விழுந்தவை என்றார். அவருக்கு இது கண்ணில் பட்டதற்குக் காரணம், இளமையில் அவர் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பிரஷ் எங்கே திரும்பும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

இடைவெளி விஷயத்தில் அளவுகோலை நம்பாதீர்கள். ‘படம்’ என்று எழுதிப் பாருங்கள். ப-வின் வலப்பக்கம் நேர்க்கோடு, ட-வின் இடப்பக்கமும் நேர்க்கோடு. இரண்டு சுவர்கள் எதிரெதிரே நிற்பதால் கண்ணுக்கு நெருக்கமாகத் தெரியும். கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். அடுத்து ட-வுக்கும் ம்-முக்கும் நடுவே பாருங்கள். ட-வின் மேல் பாதி திறந்த வெளி. அந்த வெளியும் இடைவெளியோடு சேர்ந்துகொள்ளும். அளவுகோலால் முன்பு விட்ட அதே தூரத்தை இங்கேயும் விட்டால் சொல் ‘பட’ என்றும் ‘ம்’ என்றும் இரண்டாக உடையும். ம்-மை இழுத்து நெருக்கிவையுங்கள். நடுவில் எத்தனை வெள்ளை தெரிகிறது என்பதைத்தான் கண் எடைபோடுகிறது. பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் சொல் மறைந்து வெள்ளைத் துண்டுகள் மட்டும் தெரியும், தப்பு உடனே அகப்படும்.

இன்னொன்று, எழுத்தை எண்ணி இடம் பிரிக்காதீர்கள். ‘கொடி’ இரண்டு எழுத்துதான். பலகையிலோ கொம்பு, க, கால், டி என்று நான்கு உருவங்கள் நிற்க வேண்டும். இரண்டு வரி எழுதினால் மேல்வரியின் ழு, மு போன்றவற்றின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் கொக்கியும் முட்டிக்கொள்ளும். முதலில் பென்சிலில் எழுதி, முட்டும் இடங்களைப் பார்த்த பிறகுதான் வரி இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.

என் சொந்த அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் மூன்று வரிப் பலகை ஒன்று எழுதி, ஷேட் போட்டு, வார்னிஷும் அடித்து முடித்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பையன் சத்தமாக வாசித்தான், நடுவரியில் தடுக்கி நின்றான். ஒற்றெழுத்து ஒன்று இல்லை. எழுத்தின் வடிவத்தைப் பார்க்கிற கண் சொல்லை வாசிப்பதில்லை. அன்றிலிருந்து பென்சில் வேலை முடிந்ததும் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை பின்னோக்கி ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறேன்.

டிரேஸ் எடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். தாராளமாக எடுங்கள். தாளில் வரைந்த கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளைகள் போட்டு, தாளைப் பலகையில் ஒட்டி, கரித்தூளோ சாக்பீஸ் தூளோ கட்டிய துணிமூட்டையால் தட்டினால் துளைகள் வழியே தூள் இறங்கிப் புள்ளிக்கோடு விழும். பலகை எழுதுகிறவர்கள் செய்வது இதுதான், சுவரோவிய ஓவியர்களும் இதையே செய்தார்கள். ரஃபேல் தன் ‘ஏதென்ஸ் பள்ளி’ சுவரோவியத்துக்காக வரைந்த பெரிய மாதிரித்தாள் மிலான் நகரின் அம்ப்ரோசியானாவில் இருக்கிறது, கோடுகள் நெடுக ஊசித் துளைகளோடு. டிரேஸ் உங்களுக்குத் தருவது கண் எங்கே, மூக்கு எங்கே என்ற இடத்தை மட்டும். எந்தக் கோடு கூர்மை, எந்தக் கோடு மங்கல் என்பதை அது சொல்லாது. எல்லாக் கோட்டையும் ஒரே அழுத்தத்தில்தான் காட்டும்.

இனி ஏர்பிரஷ். பெயிண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெறிக்கிறது என்கிறீர்களே, கருவிக்குள் பெயிண்டைத் திறந்து மூடும் ஊசியின் நுனி வளைந்திருக்கப் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு உண்டு. கம்ப்ரசரை நிறுத்தி, ஊசியைப் பின்பக்கமாக உருவி எடுத்து, நுனியை விரல் நகத்தின் மேல் படுக்கவைத்து மெல்லச் சுழற்றுங்கள். கொக்கி இருந்தால் நகத்தில் உரசுவது தெரியும். கண்ணுக்குத் தெரியாத வளைவையும் நகம் சொல்லிவிடும். சின்ன வளைவென்றால் தட்டையான கடினப் பரப்பில் ஊசியைப் படுக்கவைத்து, சுழற்றியபடியே நுனிப் பக்கமாக இழுத்து நீவலாம். பெரிதென்றால் ஊசியை மாற்றத்தான் வேண்டும். நான் ஒருமுறை ஊசியைக் கீழே போட்டுவிட்டு, துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு வாரம் பெயிண்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கோட்டின் முனையில் குண்டு விழுவதற்குக் காரணம், கை நின்றிருக்கும்போது பெயிண்ட் ஓடுவது. டபுள் ஆக்‌ஷனில் டிரிகரை அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். வரிசை இப்படி இருக்க வேண்டும்: காற்றைத் திற, கையை நகர்த்து, நகர்கிற கையோடு பெயிண்டை இழு, கை நிற்பதற்கு முன்பே பெயிண்டை மூடு, கடைசியில்தான் காற்று. விமானம் ஓடுபாதையைத் தொட்டு, நிற்காமல் எழும்புவது மாதிரி. காற்றையும் பெயிண்டையும் ஒரே நொடியில் விடுகிறவர்களுக்கு நாசிலில் (பெயிண்ட் வெளிவரும் முனை) மிச்சம் நின்ற சொட்டு அடுத்த முறை திறக்கும்போது பொத்தென்று துப்பும்.

தினமும் இரண்டு பக்கம் போதும். ஒரு பக்கத்தில் அரை அங்குலக் கட்டம் போட்டு, கோடுகள் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவில் ஒரு புள்ளி. மறு பக்கத்தில் கத்தி வடிவக் கோடுகள்: பட்டையாகத் தொடங்கி மயிரிழையாக முடிய வேண்டும். கருவி தாளை நெருங்க நெருங்க டிரிகர் மூடிக்கொண்டே வர வேண்டும். புருவம், தலைமுடி, மீசை, கண் மடிப்பு எல்லாம் இந்த ஒரே கோடுதான். இது வராமல் முகத்தைத் தொட்டதால்தான் உங்கள் பெரியவரின் மீசை பஞ்சு ஒட்டிய மாதிரி இருக்கிறது.

பெயிண்ட் பால் பதத்தில் இருக்கட்டும். கருவியில் பெயிண்ட் ஊற்றும் கோப்பையின் உட்சுவரில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். 0.3 அல்லது 0.35 மி.மீ. நாசிலில் பொதுவான வேலைக்கு 20 முதல் 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று. கிட்டத்தில் நுணுக்க வேலைக்குப் பெயிண்டை இன்னும் நீர்க்கவைத்து 10 முதல் 15-க்கு இறக்கலாம். மீட்டரை டிரிகரை அமுக்கியபடி பாருங்கள். சும்மா இருக்கும்போது காட்டுவதைவிட, காற்று ஓடும்போது அது குறைந்துதான் இருக்கும். சிலந்திக் கால் மாதிரி பெயிண்ட் ஓடினால் அதிகம் நீர்த்திருக்கிறது, அல்லது கிட்டத்தில் அதிகம் திறந்துவிட்டீர்கள். மணல் மாதிரி விழுந்தால் கெட்டியாக இருக்கிறது, அல்லது காற்று போதவில்லை. கோப்பையில் குமிழி வந்தால் நாசிலில் அடைப்பு, அல்லது அது சரியாகப் பொருந்தவில்லை. அக்ரிலிக்கில் ஊசி நுனியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் துளியை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளீனரில் நனைத்த பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும். நுணுக்கம் வேண்டுமென்று 0.2 நாசிலுக்கு இப்போதே ஓடாதீர்கள், அடைப்பு எடுப்பதிலேயே நாள் போய்விடும்.

மூன்று மாதம் கழித்து முகத்துக்கு வரும்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நேர் ஃபிளாஷில் எடுத்தது உதவாது, அதில் நிழலே இருக்காது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு அதன் மேல் சிவப்புப் பேனாவால் கூர்மையான ஓரங்களை மட்டும் குறியுங்கள். மேலிமையின் விளிம்பு, மூக்குத் துவாரத்தின் மேல் வளைவு, உதடுகள் சேரும் கோடு, மூக்கின் நிழல் கன்னத்தில் விழும் இடம். பத்துப் பன்னிரண்டு இடத்துக்கு மேல் வராது. கன்னம், நெற்றியோரம், கீழுதட்டின் அடிப்பக்கம், தாடை திரும்பும் இடம் எல்லாம் மங்கல்.

கூர்மைக்கு மாஸ்க், அதாவது பெயிண்ட் படாமல் மறைக்கும் தகடு, வேண்டும். வெட்டிய பிளாஸ்டிக் தகட்டைத் தாளோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் கத்தி ஓரம். இரண்டு மூன்று மி.மீ. தூக்கிப் பிடித்தால் பாதி மங்கல். ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் தூக்கினால் கூர்மையாகத் தொடங்கி மங்கலாக முடியும் ஓரம். மூக்கின் நிழலுக்கு வேண்டியது இதுதான். மாஸ்க்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஏர்பிரஷ் அடிக்கும்போது பறக்கிற தூள் வெளிச்சப் பகுதியில் படிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் என்று தோன்றும். மணிக்கணக்கில் அடித்து முடிக்கும்போது தாளின் வெள்ளை எங்குமே மிஞ்சியிருக்காது. உங்கள் புகையில் பாதி இந்தத் தூள்.

முதல் ஐந்து முகமும் ஒரே நிறத்தில், ஊடுருவித் தெரியும் செபியாப் பழுப்பில் இருக்கட்டும். இத்தகைய பெயிண்ட் இருட்டாக்க மட்டுமே செய்யும், ஆகவே வெளிச்சத்தைத் தாளிலேயே காப்பாற்றி வைக்க வேண்டும். தப்பினால் வெள்ளை அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இருட்டின் மேல் மெல்லிதாகத் தெளித்த வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும். நுண்ணிய வெள்ளைத் துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வருவது இது. கரும்பின்னணியில் ஊதுவத்திப் புகை நீலமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். தோலில் அந்த நீலம் வந்தால் ஆள் உடம்பு முடியாதவர் போல ஆகிவிடுவார். அடித்துவிட்டீர்களென்றால் ஊடுருவித் தெரியும் மஞ்சளையோ ஆரஞ்சையோ மேலே ஒரு மூச்சு விட்டால் ஓரளவு சரியாகும். கெட்டியான ஓவிய அட்டையில் அடித்தால் பிளேடு நுனியால் சுரண்டியும் கடின ரப்பரால் அழித்தும் தாளின் வெள்ளையையே திரும்ப எடுக்கலாம். நரைமுடிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கண்ணுக்கு வருவோம். உங்கள் நான்கு படத்திலும் முதலில் இமைமயிரை அடித்திருக்கிறீர்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. அது கடைசி வேலை. முதலில் மேலிமையின் நிழல் விழிமேல் விழுவதை மாஸ்க் வைத்து அடியுங்கள், மேல் ஓரம் கூர்மை, கீழ் ஓரம் மங்கல். விழியின் வெண்மை வெள்ளையே கிடையாது. அது உருண்டை, இரு மூலையிலும் சாம்பல் பூசினால்தான் உருளும். கருவிழியின் மேல் பாதி இமை நிழலில் இருட்டாக இருக்கும், கீழ்ப் பாதியில் வெளிச்சம் தங்கும். கீழிமைக்குத் தடிமன் உண்டு. விழிக்கும் இமைமயிருக்கும் நடுவே ஒரு ஈரவிளிம்பு ஓடுவதைக் கண்ணாடியில் பாருங்கள். அந்த மெல்லிய பட்டையை வெளிச்சமாக விட்டுவிட்டால் போதும், வரைந்த கண் பார்க்கத் தொடங்கும். ஒளிப்புள்ளி ஒன்றே ஒன்று, வெளிச்சம் வரும் பக்கத்தில். அதன் ஓரம்தான் முகத்திலேயே மிகக் கூர்மையானது.

கடிதத்தில் முகக்கவசம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் கண்டிப்பாகவே சொல்கிறேன். தண்ணீர் பெயிண்ட்தானே என்று வெறும் முகத்தோடு அடிக்காதீர்கள். நுண்துளியாகப் பறக்கிற எதுவும் நுரையீரல்வரை போகும். துகள் வடிகட்டியும் ஆவி உறிஞ்சும் கேட்ரிட்ஜும் உள்ள ரெஸ்பிரேட்டர் போடுங்கள். காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும். சாதாரணத் துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. நச்சு உலோகமான காட்மியம் கலந்த நிறங்களை ஒருபோதும் தெளிக்கக்கூடாது, அவை பிரஷ்ஷுக்கு மட்டும். கடினமாக்கி கலந்து அடிக்கும் யூரித்தேன் கிளியர் கோட்டில் (நிறமற்ற மேற்பூச்சு) ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கும். அதற்கு வெளியிலிருந்து தனியாகக் காற்று வரும் கவசம் வேண்டும். அந்த வேலையை அந்த வசதி உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வயது 41 என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தீர்கள். இந்தத் தொழிலில் அதை யாரும் கேட்கப்போவதில்லை. மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பயிற்சி வகுப்பில் சேர்வதென்றால் புள்ளியும் கோடும் ஒரு மாதம் பழகிய பிறகு சேருங்கள். கையில் கேள்வி இல்லாமல் போனால் ஆசிரியர் அடிப்பதை வேடிக்கை பார்த்துவிட்டு வருவீர்கள்.

அடுத்த முறை எழுதும்போது முகம் அனுப்ப வேண்டாம். ‘படம்’ என்று எழுதிய பலகையின் புகைப்படம் ஒன்று, புள்ளிப் பக்கம் ஒன்று, ஊசி நகத்தில் உரசியதா இல்லையா என்ற பதில் ஒன்று. பலகையை நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று என்று இரண்டு எடுத்து அனுப்புங்கள்.